போர்டில் இருக்கிற டாக்டர்

பல் டாக்டருக்குக் கோபமே வராது. ஆனால் அதை யாரிடம் சொல்லி நம்ப வைப்பது? அவருடைய உதடுகளின் இரண்டு ஓரமும் பிறந்ததிலிருந்தே கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தன. புருவங்கள் நடுவில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. கல்யாண ஆல்பத்தில்கூட யாரோ அவரைக் கையும் களவுமாகப் பிடித்து மேடையில் உட்கார வைத்த மாதிரிதான் இருப்பார். அவர் பாட்டுக்கு ஜன்னல் வழியாக மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் இருப்பவர், "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா சார்?" என்று கேட்பார்.

பல்வலிக்காரன் பாதி உயிரோடுதான் வந்து சேருகிறான். வாசலில் இந்த முகத்தைப் பார்த்தால் மீதி உயிரும் போய்விடாதா? கதவைத் திறப்பார்கள், டாக்டரைப் பார்ப்பார்கள், "இங்க மருந்துக்கடை எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். ஆனால் ஒரு விசித்திரம். துணிந்து உள்ளே வந்து அந்த நாற்காலியில் ஒருமுறை சாய்ந்தவர்கள், அப்புறம் வேறு எங்கும் போகவே மாட்டார்கள். தன்னுடைய கைராசிதான் அதற்குக் காரணம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டிருந்தார். அது பாதிக் காரணம். மீதி அவருக்கே தெரியாது.

இப்படி ஏதோ ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில், எதிர்ச்சாரியில் கண்ணாடி முகப்போடு புதுக் கிளினிக் ஒன்று வந்து உட்கார்ந்தது. அந்த டாக்டருக்குச் சின்ன வயது. அவருடைய முகம் இரண்டு மாடி உயரப் போர்டில் பகலும் இரவும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இவருடைய கிளினிக்கில் நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. டாக்டர் உள்ளே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார், வரவேற்பு மேஜையில் அவர் மனைவி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் எதிர்க் கிளினிக்காரரே சாலையைக் கடந்து வந்துவிட்டார்.

"இந்த வயசுல தனியா எதுக்கு சார் கஷ்டப்படறீங்க? நம்மகிட்டயே ஒரு சேர் போட்டுத் தந்துடறேன். பின்பக்கமா, தனி ரூம். வர்றவங்க கண்ணுல படாத மாதிரி."

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் டாக்டருக்குத் தாங்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக நடத்திய கிளினிக்கை மூடிவிட்டு, இன்னொருவர் வீட்டுப் பின்கட்டில் ஒளிந்துகொண்டு பல் பிடுங்குவதா? ஆனால் மறுக்கவும் தெம்பில்லை. யோசித்துச் சொல்வதாக அனுப்பி வைத்தார்.

"ஒரு போட்டோ எடுத்துடுங்க," என்றாள் மனைவி, காப்பியை வாயின் ஒரே பக்கமாக உறிஞ்சிக்கொண்டு. "நல்லா சிரிச்ச மாதிரி. நாமளும் போர்டு வைப்போம்."

"இந்த மூஞ்சியையா?"

அவள் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். "அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க," என்றாள்.

பல் டாக்டர் மனைவி எதற்கு ஒரு பக்கமாகவே காப்பி குடிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்தக் கொஞ்சம் நேரம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

போட்டோக்காரி உயரமானவள், எதற்கும் அவசரப்படாதவள். வக்கீல்கள், மேனேஜர்கள், வீடு விற்கிற தரகர்கள் எல்லோரும் தொழிலுக்குத் தோதான ஒரு முகம் வேண்டுமென்றால் அவளிடம்தான் போவார்கள்.

"உக்காருங்க சார். முகத்தை லூசா விடுங்க."

"விட்டுத்தான் இருக்கேன்."

அவள் இடுப்பில் கைவைத்து அவரையே பார்த்தாள். சொத்தைப் பல்லை டாக்டர் அப்படித்தான் பார்ப்பார், அடைக்கலாமா, பிடுங்கித்தான் ஆக வேண்டுமா என்று. கடைசியில், "பரவாயில்லை, வெளிச்சம் பார்த்துக்கும்," என்றாள்.

இடது பக்கம், தலைக்கு மேலே, ஒரு பெரிய வெள்ளைக் குடைக்குள் விளக்கை வைத்தாள். கண்ணுக்குக் கீழேயும் உதட்டோரத்திலும் விழுந்த நிழலைத் துடைக்க, மடியில் ஒரு தெர்மாகோல் அட்டையைக் கிடத்தினாள். மேலிருந்து விழுந்த வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பி ஏறியது. வலது கன்னம் ஒல்லியாகத் தெரிய அந்தப் பக்கம் கறுப்புத் துணி தொங்கியது. இருக்கிற முடியை எடுத்துக்காட்டப் பின்னால் ஒரு சின்ன விளக்கு. நெற்றியின் மினுமினுப்புக்குப் பவுடர். தொளதொளத்த கோட்டை முதுகுப் பக்கம் இழுத்து, துணி காயப்போடுகிற கிளிப்புகளை வரிசையாக மாட்டினாள். மூக்கின் மேல் கண்ணாடி இல்லாத ஒரு கண்ணாடிச் சட்டம் வந்து உட்கார்ந்தது.

"இடுப்பு அந்தப் பக்கம். தோள் இந்தப் பக்கம். தாடையை முன்னால நீட்டி, அப்படியே கீழ இறக்குங்க, ஆமை மாதிரி."

"ஆமையா?"

"நேர்ல ஆமை. போட்டோவுல ராஜா. நாக்கை மேல ஒட்டிக்கோங்க, ரெண்டாவது தாடை காணாமப் போயிடும். இப்ப தூரத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சவங்க வர்றாங்க. கண்ணை லேசா சுருக்கிப் பாருங்க."

சட்டென்று யாரும் நினைவுக்கு வராததால், கச்சிதமாக அடைக்கப்பட்ட ஒரு கடைவாய்ப் பல்லை டாக்டர் நினைத்துக்கொண்டார்.

"ஈன்னு சொல்லுங்க."

இத்தனை வருஷம் அடுத்தவர்களைச் சொல்ல வைத்த 'ஈ'யை அன்றைக்கு அவர் தன் வாயால் சொன்னார். கழுத்து பிடித்துக்கொண்டது. பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. திரையில் வந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு இது?" என்று கேட்டார். போட்டோக்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளிடம் வருகிறவர்கள் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

போர்டு ஏறியது. மறுநாளே வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. டாக்டர் தலைகால் புரியாமல் வெளியே ஓடி வந்தார். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் நின்றவர், "டாக்டர் இல்லையா?" என்றார்.

"நான்தான் டாக்டர்."

"ஐயோ, வலியில சிரிக்க வைக்காதீங்க சார். போர்டுல இருக்கிற டாக்டரைக் கூப்பிடுங்க."

டாக்டர் தெருவுக்கு இறங்கிப் போய்ப் போர்டுக்கு அடியிலேயே நின்று காட்டினார். கூட்டம் மேலே பார்த்தது, கீழே பார்த்தது. "அண்ணனா இருக்கும்," என்றார் ஒருவர். "சேச்சே, அப்பா," என்றது இன்னொரு குரல். தாடையை நீட்டி ஆமை மாதிரிக் காட்டினார். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

கூட்டம் கலைந்துவிடும் போலிருக்கவே, மனைவி வாயைவிட்டாள். "டாக்டர் வெளியூர் போயிருக்காருங்க. அவர் வர்ற வரைக்கும் இவர் பார்ப்பாரு."

"அப்ப அவர் வந்ததும் வர்றோம்," என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

அன்றிலிருந்து இல்லாத ஒரு மனுஷனுக்கு அப்பாயின்ட்மென்ட் நிரம்பி வழிந்தது. இருக்கிற மனுஷன் பழையபடி ஈ ஓட்டினார். "அவர் கை பட்டாலே வலி தெரியாதாமே," என்று அவரிடமே வந்து விசாரித்தார்கள். நடுவில் ஒரு மதியம் மனைவி வங்கிக்குப் போய்விட்டு வந்து, வெகுநேரம் வாயைத் திறக்காமல் ஒரு கன்னத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வங்கியில் என்ன சொல்லி அனுப்பினார்களோ என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை.

எதிர்க் கிளினிக்காரர் மறுபடி சாலையைக் கடந்து வந்தார்.

"சார், உங்ககிட்ட புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காரே, அவரை எனக்கு விட்டுக்கொடுங்களேன். உங்களுக்குச் சொன்ன சேரை அவருக்குத் தந்துடறேன். முன்பக்கமாவே."

"அப்ப நான்?"

"நீங்க இங்கயே நிம்மதியா இருங்க சார்."

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. பின்பக்கத்து நாற்காலிகூடப் போய்விட்டது! அதுவும் தன்னிடமே தோற்று. அப்படியே கிளம்பி ஸ்டூடியோவுக்குப் போனார்.

"அந்த ஆளை இறக்குங்க," என்றார் மூச்சுவாங்க. "ஒண்ணு அவன் இருக்கணும், இல்லை நான் இருக்கணும்."

போட்டோக்காரிக்கு மூக்கு சிவந்துவிட்டது. "என்ன சார் பேசறீங்க? நான் ஒரு கோடுகூட மாத்தலை. அது முழுக்க நீங்கதான். உங்க கிளினிக்ல வெளிச்சம்தான் சரியில்லை. நாளைக்கு நானே வர்றேன்."

சொன்னபடியே குடை, தெர்மாகோல், கறுப்புத் துணி, கிளிப்பு டப்பா எல்லாவற்றோடும் வந்து இறங்கினாள். சிகிச்சை அறை கல்யாண மேடை மாதிரி ஜொலித்தது. டாக்டருக்குப் பவுடர் போட்டு, கோட்டைக் கிளிப்பில் இறுக்கி, வெறும் சட்டத்தை மூக்கில் ஏற்றினார்கள். தெர்மாகோல் அட்டையைப் பிடிக்கிற வேலை மனைவிக்கு வந்து சேர்ந்தது. அப்படியே சிலையாக நின்றால் சாட்சாத் போர்டில் இருக்கிறவரேதான். சிக்கல் என்னவென்றால், சிலை பல் அடைக்க வேண்டும்.

அன்றைக்கு முதலில் வந்தவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மாள். பல வருஷமாக இங்கே வருகிறவர். ஸ்டியரிங்கை முதல்முதலாகப் பிடிக்கிறவன் பக்கத்தில் நெடுஞ்சாலையில் அசராமல் உட்கார்ந்திருப்பார். பல் கிளினிக் என்றால் மட்டும் கை கால் உதறும். வாசலிலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்து நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் திறப்பார். அன்றும் அப்படியே வந்து சாய்ந்தார். திறந்தார். தலைக்குப் பின்னாலிருந்து ஒரு பவுடர் முகம் கழுத்தை நீட்டிக்கொண்டு, எங்கோ தூரத்தில் யாரோ வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யார் நீங்க? நம்ம டாக்டர் எங்க?"

"நான்தாம்மா. வாயைத் திறங்க," என்றார் டாக்டர், நாக்கை மேலே ஒட்டியபடியே.

மிஷின் கொர்ரென்று சுற்றியது. டாக்டர் வழக்கம்போலக் குனியப் போனார்.

"குனியாதீங்க சார்!" என்று போட்டோக்காரி கத்தினாள். "தாடை ரெண்டாகுது!"

நிமிர்ந்தார். நிமிர்ந்தால் வாய் தெரியவில்லை. இடுப்பு அந்தப் பக்கம், தோள் இந்தப் பக்கம், பார்வை சுவர்க் கடிகாரத்தில், கை மட்டும் ஒரு குத்துமதிப்பாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சொத்தைப் பல்லைத் தாண்டி, பக்கத்தில் தேமே என்று இருந்த நல்ல பல்லை நோக்கி ஊசிமுனை போனது.

அம்மாளால் பேச முடியாது. தொண்டைக்குள்ளிருந்து ஹாரன் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பழக்கதோஷத்தில் வலது கால் எழும்பி, அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. மிதி பட்டுத் தெர்மாகோல் இரண்டாக உடைந்தது. மனைவி ஓரடி பின்வாங்கிக் குடைக்கம்பத்தில் மோத, குடை கறுப்புத் துணியின் மேல் சாய, ஒயர் பிடுங்கிக்கொண்டு எல்லா விளக்கும் ஒரேயடியாக அணைந்தன. நாற்காலிக்கு மேலே எப்போதும் எரிகிற அந்த ஒற்றை விளக்கு மட்டும் மிச்சம்.

டாக்டர் மிஷினை நிறுத்தினார். வாழ்நாளில் ஒரு நல்ல பல்லைக்கூட அவர் தொட்டதில்லை. வெறும் சட்டத்தைக் கழற்றி மூலையில் விட்டெறிந்தார். போட்டோவாவது, போர்டாவது! நன்றாகக் குனிந்தார். முதுகில் கிளிப்புகள் டப் டப்பென்று தெறித்து விழுந்தன. தாடை இரண்டானது, மூன்றானது. புருவம் முறைத்தது, உதடு தொங்கியது.

"அப்பாடா," என்று அம்மாள் மூச்சுவிட்டார். நாற்காலியின் கையை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. "வந்துட்டீங்களா டாக்டர்? இவ்வளவு நேரம் எங்க போயிட்டீங்க? யாரோ ஒருத்தரை நிறுத்தி வெச்சிருந்தாங்க."

"எந்த டாக்டரைச் சொல்றீங்க?" என்றாள் போட்டோக்காரி.

"இவரைத்தான். எப்பவும் சிரிச்ச முகமாப் பார்ப்பாரே!"

போட்டோக்காரியும் மனைவியும் டாக்டரைப் பார்த்தார்கள். எள்ளும் கொள்ளும் வெடிக்கிற அதே பழைய முகம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மாளுக்குப் பல் அடைத்து முடிகிற வரை போட்டோக்காரி டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாள் எழுந்ததும், தானே போய் நாற்காலியில் சாய்ந்து, வெள்ளைத் துணியை நெஞ்சில் விரித்துக்கொண்டாள்.

"வழக்கம்போலப் பாருங்க சார்."

டாக்டர் தலைமாட்டில் நின்று குனிந்தார்.

அங்கேயிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். கீழே தொங்கிய உதட்டோரங்கள் இரண்டும் மேலே ஏறி நின்றன. காது வரைக்கும் ஒரு சிரிப்பு. முறைத்துக்கொண்டிருந்த புருவங்கள், 'ரொம்ப வலிக்குதா?' என்று விசாரித்தன. விளக்கு வெளிச்சம் நெஞ்சில் கிடந்த வெள்ளைத் துணியில் பட்டு முகத்துக்கு ஏறி, ஒரு நிழல் விடாமல் துடைத்திருந்தது. தெர்மாகோல் இத்தனை வருஷமாக நோயாளிகள் மேலேயே கிடந்திருக்கிறது!

"அடப்பாவமே," என்றாள் போட்டோக்காரி. "நான் தப்பான இடத்துல நின்னு எடுத்துட்டேன்."

படுத்தபடியே கேமராவை வாங்கி அழுத்தினாள்.

படத்தைத் திரையில் அப்படியே தலைகீழாகக் காட்டியபோது, மனைவி கிட்டே வந்து பார்த்தாள். "யாருங்க இது?" என்றாள். அப்புறம், குரல் கொஞ்சம் இறங்கி, "ஊருக்கெல்லாம் இந்த மூஞ்சியைக் காட்டியிருக்கீங்க. வீட்டுக்கு ஒருநாளும் கொண்டுவந்ததில்லை," என்றாள்.

"நீ இந்த நாற்காலியில உக்காந்ததே இல்லையே," என்றார் டாக்டர்.

அவள் சட்டென்று உடைந்த தெர்மாகோலைப் பெருக்க ஆரம்பித்தாள்.

புதுப் போர்டை மாட்ட வந்தவர்கள், அச்சடித்தவன் தப்பாக அடித்துவிட்டான் என்று நினைத்து அதை நேராக நிமிர்த்தி மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மாடி உயரத்தில் டாக்டரின் நிஜ முகம் தெருவை முறைத்தது. எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மனைவி தெருவில் நின்று கரடியாகக் கத்தி, மறுபடி ஆளைக் கூப்பிட்டு, தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பஸ்ஸுக்கு நின்ற பழைய நோயாளிகள் போர்டை நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்ததும் அவர்களையறியாமல் வாய் திறந்துகொண்டது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு, கணவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, எல்லோருக்கும் ஆ. ஒன்றும் தெரியாத புது ஆட்கள் இத்தனை வாய்களையும் பார்த்துவிட்டு, என்னதான் இருக்கிறது என்று சாலையைக் கடந்து வந்தார்கள். வந்தவர்களை மனைவி வாசலிலேயே பிடித்து, டாக்டர் நிற்பதைப் பார்க்க விடாமல், நேரே நாற்காலியில் சாய்த்துவிடுவாள். அதற்கப்புறம் ஒரு தொல்லையும் இல்லை. எதிர்க் கிளினிக்காரர்கூடத் தன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று போர்டைப் பார்த்தார். அவர் வாயும் கொஞ்சம் திறந்துதான் இருந்தது.

கிளினிக் பிழைத்தது. பின்கட்டு நாற்காலிப் பேச்சே அப்புறம் எழவில்லை.

ஒரு சாயங்காலம் கடைசி நோயாளியும் போன பிறகு, மனைவி உள்ளே வந்து நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டாள்.

"பல் வலியா?" என்றார் டாக்டர்.

"இல்லை. சும்மா. விளக்கைப் போட்டுட்டு என்னைப் பாருங்க. எல்லாரையும் பார்க்கிற மாதிரி."

அவருக்கு வெட்கமாக இருந்தது. விளக்கைப் போட்டுத் தலைமாட்டில் நின்று குனிந்தார். கை தன்னால், வாய்க்குள் பார்க்கிற கண்ணாடிக் குச்சியை எடுத்தது. வாய் தன்னால், "ஆ சொல்லு," என்றது. அவளும் ஏதோ நினைவில் திறந்துவிட்டாள். திறந்த பிறகுதான் அவளுக்குப் பகீரென்றது. அதற்குள் டாக்டர் பார்த்துவிட்டார்.

வலது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஓர் அடைப்பு. புதிது. பளபளவென்று மெருகு. அவர் அடைத்ததில்லை.

ஒரு பக்கக் காப்பி, வங்கிக்கென்று போனது, மரத்துப்போய் அவள் தடவிக்கொண்டிருந்த கன்னம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. குச்சியை வெளியே எடுத்தார்.

"எதிர்லயா?"

அவள் கண் கலங்கியது. "வலி தாங்கலைங்க. உங்ககிட்ட காட்டலாம்னு எத்தனையோ தடவை இந்தக் கதவு வரைக்கும் வந்தேன். உங்க மூஞ்சியைப் பார்த்ததும் பயமா இருக்கும். அப்புறம் சொல்லிக்கலாம்னு திரும்பிடுவேன்."

ஊரான் பல்லையெல்லாம் பார்த்தோம், வீட்டுப் பல் வலித்தது தெரியவில்லையே! தெரிந்தவளும் தன்னிடம் வரப் பயந்து தெருவைக் கடந்து போயிருக்கிறாளே! அவருடைய உதட்டோரங்கள் அதுவரைக்கும் போகாத ஆழத்துக்கு இறங்கின. நடுங்கவும் செய்தன.

கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தவளின் முகம் மெல்ல மலர்ந்தது.

"கோவம் இல்லையே?" என்றாள். "நல்லவேளை, சிரிக்கிறீங்க. இவ்வளவு பெருசா நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்லை."

அவர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். குனிந்தபடியே விளக்கைக் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்தார், குச்சியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் அடைச்சிருக்கான்," என்றார். "ஓரம் மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கு. இன்னும் பெருசா திற, நான் தேய்ச்சு விடறேன்."